விலக்கி விடுற ஆள்

ஜன்னலோரம் நீங்களே இருங்க தம்பி. எனக்கு எங்க உக்காந்தாலும் ஒண்ணுதான். வயிறு எரியுறவனுக்குக் காத்து வந்து என்ன ஆகப்போகுது. மதுரைக்குத்தானே? நானும் மதுரைக்குத்தான். பார்த்தீங்கல்ல இந்தக் கண்டக்டரை? ஆண்டிபட்டியில நான் படியில கால் வைக்கிறதுக்குள்ள விசிலை அடிக்கிறான். கேட்டா, 'சீக்கிரம் ஏறுங்க பெரியவரே'ங்கறான். நான் பெரியவரா? செங்கல் காளவாசல் வச்சிருக்கேன் தம்பி. இன்னைக்கும் லோடு ஏத்த ஆள் பத்தலைன்னா நானே தலையில துண்டைக் கட்டிக்கிட்டு நிப்பேன்.

இந்த உடம்பைப் பாருங்க. சும்மா பாருங்க, கூச்சப்படாதீங்க. சுகர் கிடையாது. பிரஷர் கிடையாது. காய்ச்சல்னு ஒருநாள் படுத்தது கிடையாது. இந்த உடம்புல இருக்கிற கிட்னியைத்தான் வேணாம்னு சொல்லிட்டாங்க ஒரு டாக்டரம்மா. வேணாம்னு சொன்னதோட விட்டாலாவது பரவாயில்ல. அதுக்கு மேல ஒண்ணு சொன்னாங்க. அதைக் கேட்டதுல இருந்து எனக்குச் சோறு இறங்கல. இன்னைக்கு நேர்ல போயி நாலு வார்த்தை கேட்டுட்டு வந்துரலாம்னுதான் கிளம்பிட்டேன்.

அந்தப் போனைக் கொஞ்சம் உள்ள வச்சீங்கன்னா ஆதியில இருந்து சொல்லுவேன். ஆங், அப்படி.

எனக்குப் பேரு பெத்தணசாமி. ஒரே தங்கச்சி எனக்கு, பேச்சின்னு பேரு. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு ஊர்ல கட்டிக்குடுத்தேன். மாப்பிள்ளை பேரு தவமணி. பேச்சி செத்துப்போயிட்டா, அது ஆச்சு இருபது வருசம். அவ விட்டுட்டுப் போனது ஒரு பொம்பளைப் புள்ளை, சிவரஞ்சனி. காலேஜ்ல படிச்சுக்கிட்டு இருந்தா. நல்லாப் படிப்பா. எங்க வீட்டுல யாருக்கும் இல்லாத மூளை.

தாய்மாமன்னா என்னன்னு தெரியுமா தம்பி உங்களுக்கு? எந்த ஊரு நீங்க? சென்னையா? சரி, அப்ப நான்தான் சொல்லணும். காது குத்துறதுன்னாலும் தாய்மாமன் மடியிலதான். வயசுக்கு வந்தாலும் முதல் சேலை தாய்மாமன் சேலைதான். சிவரஞ்சனி சடங்குக்கு நான் கொண்டுபோன சீரை இன்னைக்கும் பேசுறாய்ங்க. ஊர் எல்லையில இருந்து மேளம். லாரி நிறைய அண்டா, குண்டா, பீரோ, கட்டில். முன்னால கிடா. ரெண்டு பக்கமும் பிளெக்ஸ் போர்டு, நான் கும்பிட்ட மாதிரி.

அன்னைக்கு அந்த ராக்கம்மா இருக்காளே, அதான் தவமணியோட அக்கா, சிவரஞ்சனிக்கு அத்தை, புருசனை இழந்துட்டு தம்பி வீட்டோட இருக்கிறவ, பெரிய மனுசி மாதிரி முன்னால வந்து பழத்தட்டைப் பிடிச்சுட்டா. 'தாய்மாமன் சீர்த் தட்டுல யாருடி கை வைக்கிறது'ன்னு ஒரு சத்தம் போட்டேன் பாருங்க, மேளமே நின்னுபோச்சு. தட்டை வச்சுட்டு அப்படியே சமையல்கட்டுக்குள்ள போயிட்டா. சாயங்காலம் வரைக்கும் வெளிய வரல. அவளுக்கு அது வேணும்.

ஏன்னு கேக்குறீங்களா? சொல்றேன். இருங்க, போன் அடிக்குது.

ஆ, சொல்லு ஒச்சம்மா... பஸ்ல இருக்கேன்... மதுரைக்கு... எதுக்குன்னு வந்து சொல்றேன். புள்ளையைப் பாரு. வையி.

என் வீட்டுக்காரி. ஆமா, சொல்ல மறந்துட்டேனே, இந்தாங்க தம்பி, லட்டு. எடுத்துக்கங்க. பேரன் பொறந்திருக்கான் எனக்கு! போன வாரம். என் மக நாகஜோதிக்கு. தலைப்பிரசவம், எங்க வீட்டுலதான் இருக்கா. தேனியில ஆஸ்பத்திரியில பெத்துக்கிட்டு நேத்துத்தான் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம். போடியில சம்பந்தி வீடு. பெரிய இடம். அவுங்களே அசந்துபோற மாதிரி தொட்டில் போடணும்னு இருக்கேன்.

எங்க விட்டேன்? ராக்கம்மா. பேச்சிக்கு வளைகாப்பு நடந்தப்போ, முதல் வளையல் எங்க வீட்டுப் பொம்பளை போடணும், அதாவது ஒச்சம்மா போடணும். அதுதான் மரியாதை. இந்த ராக்கம்மா, அப்ப அவ புருசன் உயிரோட இருந்தான், முந்திக்கிட்டுப் போயி வளையலை மாட்டிட்டா. கேட்டா, 'நல்ல நேரம் முடியப்போகுதுன்னு போட்டேன் அண்ணே'ங்கறா. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம், வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு வெளிய வந்துட்டேன். வளைகாப்பு முடிஞ்சு புள்ளையைத் தாய் வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும், அதுதான் வழக்கம். யாரு கூப்பிடுறது? பேச்சி வாசல் வரைக்கும் வந்து 'அண்ணே'ன்னா. திரும்பிப் பாக்கல நான். மனுசனுக்கு மானம்னு ஒண்ணு இருக்குல்ல?

அப்புறம் அந்தத் தவமணி அவளை எங்க வீட்டுக்கு அனுப்பினானா? அனுப்பல. 'வந்து கூட்டிட்டுப் போங்க'ன்னு ரெண்டு மூணு தடவை ஆள் விட்டான். ஆள் விடத் தெரிஞ்சவனுக்கு அவனே வரத் தெரியாதா? கடைசில தலைப்பிரசவத்தை மாமியா வீட்டுல பெத்துக்கிட்டா என் தங்கச்சி. உலகத்துல எங்கயாவது நடக்குமா இது?

பிரசவம் நல்லபடியாத்தான் ஆச்சு. அதுக்குப் பிறகுதான் காலு வீங்கியிருக்கு. மூஞ்சி வீங்கியிருக்கு. ஒண்ணுக்குச் சரியாப் போகல. பேச்சி சொல்லியிருக்கா, என்னமோ பண்ணுதுன்னு. அதுக்கு இந்த ராக்கம்மா என்ன சொன்னா தெரியுமா? 'புள்ள பெத்த உடம்பு, வீக்கம் இருக்கத்தான் செய்யும், நாலு நாள்ல வடிஞ்சிரும்.' இந்த வார்த்தையை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன் தம்பி. ஒரு மனுசி உயிருக்குப் போராடுறா, நாலு நாள்ல வடிஞ்சிருமாம்! வலிப்பு வந்த பிறகுதான் கார் பிடிச்சிருக்காய்ங்க. மதுரைக்குக் கொண்டுபோறதுக்குள்ள செக்கானூரணிகிட்ட உயிர் போயிருச்சு. இந்த வண்டி அந்த வழியாத்தான் போகும். அந்த இடம் வந்தா நான் கண்ணை மூடிக்குவேன்.

எளவு வீட்டுலயே நான் தவமணி சட்டையைப் பிடிச்சேன். போலீஸ் ஸ்டேஷன்ல எழுதிக்குடுத்து அவனை உள்ள உக்கார வச்சேன். ராக்கம்மாவையும் கூட்டிட்டு வரச் சொன்னேன். கைக்குழந்தையை மடியில வச்சுக்கிட்டு ஸ்டேஷன் பெஞ்சில உக்காந்திருந்தா. கேஸ் நிக்கல, அது வேற. ஆனா அந்த வீட்டுல இந்த நிமிசம் வரைக்கும் பச்சைத் தண்ணி குடிச்சதில்ல நான். புள்ளைக்குச் செய்ய வேண்டியதை வாசல்ல நின்னு செஞ்சுட்டு வந்துருவேன்.

சரி, கிட்னிக்கு வரேன்.

போன வருசம் சிவரஞ்சனிக்கு வயித்துப்போக்கு வந்துச்சு, காய்ச்சல் வந்துச்சு. ஹாஸ்டல் சாப்பாடுன்னு நெனச்சோம். ரத்தத்துல என்னமோ குறையுதுன்னு டெங்குன்னாங்க. அப்புறம் மூஞ்சி வீங்கி, ஒண்ணுக்கு பால் விடாத கட்டஞ்சாயா மாதிரி போயி, மதுரையில சேர்த்தோம். அங்கதான் இந்த டாக்டரம்மா. எஸ்தர்னு பேரு. நாகர்கோவில் பக்கம். கிட்னிக்குன்னே படிச்சவங்க, கிட்னி மாத்துறதுல கெட்டிக்காரங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. ஆளு ஒல்லியா இருப்பாங்க. சத்தமே போடாமப் பேசுவாங்க. எனக்கு முதல்லயே பிடிக்கல. சத்தம் போடாமப் பேசுறவங்களை நான் நம்புறதில்ல.

புள்ளையைக் காப்பாத்திட்டாங்க, அதைச் சொல்லணும். ஆனா ரெண்டு கிட்னியும் போச்சு. வாரத்துக்கு மூணு தடவை டயாலிசிஸ். ஊசி குத்திக் குத்திக் கையெல்லாம் புடைச்சு, உதடு வெளுத்து, எங்க பேச்சி மாதிரியே ஆயிட்டா. தவமணிக்கு சுகரு, அவனால குடுக்க முடியாது. நான் விடுவேனா? நேரா ரூமுக்குள்ள போனேன். 'டாக்டரம்மா, கிட்னி என்னுது. தாய்மாமன் நான் இருக்கேன். எப்ப எடுத்துக்குறீங்க?'

அவுங்க ஒரு சந்தோசமாவது காட்டணும்ல? 'உட்காருங்க. சிவரஞ்சனியோட அம்மா எப்படி இறந்தாங்க?'ன்னாங்க.

சொன்னேன். எல்லாத்தையும் சொன்னேன். வெளிய எத்தனை பேரு காத்துக்கிட்டு இருந்தாங்க, நர்ஸு ரெண்டு தடவை எட்டிப் பார்த்துச்சு, இவுங்க கையைக் காட்டி நிறுத்திட்டு, 'நீங்க சொல்லுங்க'ன்னாங்க. வீக்கம் பிரசவத்துக்கு முன்னாலயா பின்னாலயா? ஒண்ணுக்கு எப்ப நின்னுச்சு? வெளுத்துப் போனாங்களா? பேச்சியைப் பத்தி ஒரு ஆளு அத்தனை பொறுமையாக் கேட்டது அன்னைக்குத்தான் தம்பி. பரவாயில்லையே, நல்ல மனுசியா இருக்காங்களேன்னு நெனச்சேன். அப்பவே நான் உசாராகியிருக்கணும். நான் சொன்னதை வச்சே என்னைக் கவுத்துட்டாங்க.

ரத்தம் எடுத்தாங்க. என்கிட்ட, புள்ளைகிட்ட, தவமணிகிட்ட. ரிசல்ட்டு வர நாளாகும்னாங்க. வந்தா என்ன வரப்போகுது, நல்ல ரத்தம்னுதான் வரும். நான் ஊருக்குப் போயி வேலையைப் பார்த்தேன். பிளெக்ஸ் அடிக்கக் குடுத்துட்டேன். 'தங்கச்சி மகளுக்குத் தன் கிட்னியையே சீராகத் தரும் தாய்மாமன் பெத்தணசாமியை வாழ்த்துகிறோம்.' அடியில காளவாசல் தொழிலாளர்கள்னு போட்டேன். அவுங்களுக்குத் தெரியாது, நானே போட்டுக்கிட்டதுதான். ரெண்டு போர்டு. ஒண்ணு ஆண்டிபட்டி பஸ் ஸ்டாண்டுக்கு, ஒண்ணு தவமணி வீட்டு முக்குக்கு.

சிரிக்காதீங்க தம்பி. அதுல ஒண்ணு இப்ப என் ஆட்டுக்கொட்டகை மேல கிடக்கு. மழை ஒழுகாது, நல்ல சரக்கு.

கூப்பிட்டு விட்டாங்க. நான், தவமணி, சிவரஞ்சனி மூணு பேரும் உக்காந்திருக்கோம். டாக்டரம்மா சொல்றாங்க, 'உங்க கிட்னியை எடுக்க முடியாது.' ஏன்னேன். நம்ம ரத்தத்துல காம்ப்ளிமென்ட்டுன்னு ஒரு படை இருக்காம். கிருமி உள்ள வந்தா அடிச்சு விரட்டுமாம். 'உங்க ஊர்த் திருவிழாவுல சண்டை வந்தா விலக்கி விட ஆள் இருப்பாங்கல்ல? அது மாதிரி இந்தப் படையைப் போதும்னு விலக்கி விடவும் உடம்புக்குள்ள ஒரு ஆள் இருக்கு. உங்க குடும்பத்துல அந்த ஆள் பலவீனம். கிருமி போன பிறகும் அடி நிக்காது. சொந்தக் கிட்னியவே போட்டு அடிச்சிருது'ன்னாங்க.

'எங்க ஊர்ல விலக்கி விடுறதே நான்தாங்க'ன்னேன்.

சிவரஞ்சனி சிரிச்சுட்டா. அப்பத்தான் டயாலிசிஸ் முடிச்சு வாடிப்போயி உக்காந்திருந்தா, அதுலயும் சிரிச்சுட்டா. தவமணி தலையைக் குனிஞ்சுக்கிட்டான். என்ன சிரிப்பு இதுல? நான் சண்டையை விலக்கினதே இல்லையா?

அந்த விலக்கி விடுற ஆள் கிட்னியோட சுவத்துலயே நிக்கிறவராம். சிவரஞ்சனிக்கு அந்தப் பலவீனம் அம்மா வழியில வந்திருக்கு. எனக்கும் அதே குறை இருக்காம். 'உங்களை ஒண்ணும் பண்ணாம இருக்கு, சில பேருக்கு அப்படித்தான், ஆயுசுக்கும் வெளிய வராது. ஆனா உங்க கிட்னியை எடுத்து அவளுக்கு வச்சா, அதுவும் அந்த ஆள் இல்லாமத்தான் போகும். திரும்ப அடி விழும். ஒத்தைக் கிட்னியோட உங்களுக்கும் வரலாம்'னாங்க. வேற ஒரு ஊர்ல ஒரு அண்ணன் தன் தம்பிக்குக் குடுத்தாராம். இந்தப் பரிசோதனை பண்ணாமலே வச்சுட்டாங்களாம். வச்ச கிட்னியும் போச்சு, குடுத்தவருக்கும் போச்சு. 'இப்ப ரெண்டு பேரும் என்கிட்டதான் டயாலிசிஸுக்கு வர்றாங்க, ஒரே நாள்ல, பக்கத்துப் பக்கத்துக் கட்டில்ல. எனக்கு அவங்க முகத்தைப் பார்க்க முடியல'ன்னாங்க. சொல்றப்போ கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்க. சரி, அவுங்க கஷ்டம் அவுங்களுக்கு. அதுக்கு நான் என்ன பண்றது?

நான் கேட்டேன், 'அப்ப என் தங்கச்சி?'

'பெரும்பாலும் இதே நோயாத்தான் இருந்திருக்கும். சில பேருக்குப் பிரசவத்துக்கு அப்புறம் கிளம்பும். அந்தக் காலத்துல எங்களுக்கே சரியாத் தெரியாது. வீட்டுல இருக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்? யார் மேலயும் தப்பு இல்லைங்க.'

யார் மேலயும் தப்பு இல்லையாம் தம்பி! இருபது வருசம்! நான் பிடிச்ச சட்டை? நான் ஏறுன ஸ்டேஷன்? நான் குடிக்காத தண்ணி? அதெல்லாம் எங்க போயி வைக்கிறது? எல்லாத்தையும் ஒரு வார்த்தையில துடைச்சுப் போட்டுட்டாங்க. அதுவும் தவமணியை வச்சுக்கிட்டு. அவன் ஏதாவது பேசுவான்னு பார்த்தேன், 'பார்த்தியா'ன்னு ஒரு வார்த்தை. பேசியிருந்தா அங்கயே ஒரு வழி பண்ணியிருப்பேன். அவன் எந்திரிச்சுப் போயி எனக்கு ஒரு டம்ளர்ல தண்ணி பிடிச்சுட்டு வந்து மேசையில வச்சான். வேணும்னே பண்றான் பாருங்க.

நான் விடல. கோயம்புத்தூர் வரைக்கும் போயி வேற டாக்டரைப் பார்த்தேன். அவரு எல்லாத்தையும் புரட்டிப் பார்த்துட்டு, 'அவங்க சொல்றது சரிதாங்க'ன்னுட்டாரு. ஒருத்தருக்கு ஒருத்தர் விட்டுக்குடுக்க மாட்டாங்கல்ல.

இதுக்குள்ள யாரு கிட்னி குடுக்க வந்துட்டா தெரியுமா? அதே ராக்கம்மா. யார்கிட்டயும் சொல்லல, போர்டு வைக்கல. ஒயர்கூடையில ஒரு சேலையை வச்சுக்கிட்டு ஆஸ்பத்திரியில வந்து நின்னுட்டா. அவளுக்குப் பொருந்திருச்சு! டாக்டரம்மாவுக்கு ஒரே சந்தோசம். அவ அப்பா வழி, எங்க ரத்தம் இல்ல. அதனால அவ கிட்னி போனா, விலக்கி விடுற ஆளும் அது கூடவே போயிருவாராம். திரும்ப அடி விழ வாய்ப்புக் குறைவாம். கேட்டீங்களா கதையை? பெத்தணசாமி கிட்னி சண்டைக்காரக் கிட்னி, ராக்கம்மா கிட்னி சமாதானக் கிட்னி!

அத்தை குடுக்குறதுன்னா அரசாங்கக் கமிட்டி முன்னால போயி நிக்கணும். நானும் கூடப் போனேன், சாட்சி மாதிரி. எனக்கு மட்டும் சான்ஸ் கிடைச்சிருந்தா என்னத்தச் சொல்லணும்னு எல்லாம் தயாரா வச்சிருந்தேன். தாய்மாமன் உறவு எங்க இருந்து ஆரம்பிக்குதுன்னு அங்க இருந்து பிடிச்சிருப்பேன். இவளைக் கேக்குறாங்க, 'ஏம்மா கிட்னி குடுக்குறீங்க?' இவ சொல்றா, 'நான்தான் சார் வளர்த்தேன்.' அவ்வளவுதான். உக்காந்துட்டா. அதுக்குச் சரின்னு கையெழுத்துப் போட்டுட்டாங்க.

வளர்த்தாளாம். கைக்குழந்தையில இருந்து தூக்கி வளர்த்தா, இல்லைங்கல. ஆட்டுப்பால் காய்ச்சிக் குடுத்தா, பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு விட்டா, எல்லாந்தான். யாராவது ஒருத்தர் வளர்க்கத்தானே செய்யணும்?

ஆபரேசன் நல்லா ஆச்சு. வச்சு முடிக்கவும் ஒண்ணுக்குப் போக ஆரம்பிச்சிருச்சுன்னாங்க. சிவரஞ்சனி இப்ப நல்லா இருக்கா தம்பி. நிறம் திரும்பிருச்சு. அடுத்த வருசம் காலேஜுக்குப் போறாளாம். எனக்குச் சந்தோசம் இல்லாம என்ன. ஆனா ஆஸ்பத்திரியில அத்தனை நாளும் எனக்கு ஒரு வேலை இல்ல. வராந்தாவுல நின்னேன். பேச்சிக்கு அண்ணன், புள்ளைக்குத் தாய்மாமன், டீ வாங்கிட்டு வர்ற ஆளா நின்னேன்.

'மாமா, அத்தையைப் பார்த்துட்டுப் போங்க'ன்னு சிவரஞ்சனி சொல்லி விட்டா. கதவுகிட்ட நின்னு எட்டிப் பார்த்தேன். தூங்கிக்கிட்டு இருந்தா ராக்கம்மா. போர்வை பத்தாம காலு வெளிய கிடந்துச்சு. பாதம் பூராம் வெடிப்பு. நர்ஸ்கிட்ட, 'அந்தப் போர்வையை இழுத்து விடும்மா'ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

இதோட முடிஞ்சிருந்தா நான் ஏன் இன்னைக்கு இந்த பஸ்ல வரப்போறேன். முடியல தம்பி.

இருங்க. சொல்லு ஒச்சம்மா... வாந்தியா? பத்தியச் சாப்பாடு ஒத்துக்கலை... இஞ்சி தட்டிக் குடு... வெளுத்து இருக்காளா? ரத்தம் போன உடம்பு வெளுக்கத்தானே செய்யும். ஈரல் வாங்கிக் குடு. சும்மா சும்மாப் போன் போடாதே.

பொம்பளைங்களுக்குப் பதட்டம். என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்? ஆங். ரிசல்ட்டு சொன்ன அன்னைக்கே அந்த டாக்டரம்மா கேட்டாங்க, 'உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா?' நான் பெருமையாச் சொன்னேன், 'ஒரே மக, நாகஜோதி, இப்ப முழுகாம இருக்கா.' அவுங்க மூஞ்சி மாறிப்போச்சு. பேனாவைக் கீழ வச்சுட்டாங்க. 'அவளைக் கூட்டிட்டு வாங்க. ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை. உங்களுக்கு இருக்கிறது அவளுக்கும் வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். வந்திருந்தா பிரசவத்துக்கு அப்புறம் கவனமாப் பார்க்கணும். முன்னாடியே தெரிஞ்சா வழி இருக்கு, மருந்து இருக்கு, காப்பாத்திரலாம். குறைஞ்சது பிரசவம் பார்க்கிற டாக்டர்கிட்டயாவது சொல்லி வைங்க'ன்னாங்க.

எப்படிச் சொல்லுவேன்? நீங்களே சொல்லுங்க. போடி சம்பந்தி காதுக்குப் போனா என்ன ஆகும்? 'பொண்ணு ரத்தத்துலயே கோளாறு, மறைச்சுக் கட்டிக்குடுத்துட்டான்'னு சொல்ல மாட்டாய்ங்களா? மருமகன் நல்ல பையன்தான், ஆனா அவன் அம்மாவை உங்களுக்குத் தெரியாது. என் மகளைக் கொண்டுவந்து வாசல்ல விட்டுட்டுப் போயிருவா. நான் யார்கிட்டயும் மூச்சு விடல. ஒச்சம்மாவுக்குக் கூடத் தெரியாது. தேனி டாக்டர், 'வீட்டுல யாருக்காவது கிட்னி நோய் உண்டா'ன்னு கேட்டாங்க. இல்லைன்னு பட்டுனு சொல்லிட்டேன்.

இந்த எஸ்தரம்மா விடுறாங்களா? போன் மேல போன். 'கூட்டிட்டு வர்றீங்களா?' 'பிரசவ தேதி எப்ப?' 'அந்த டாக்டர் நம்பரைக் குடுங்க, நானே பேசுறேன்.' அவுங்களுக்கு வேற நோயாளியே இல்லையா? சிவரஞ்சனிகிட்டச் சொல்லி விடுறாங்க, 'உங்க மாமாவை எங்கிட்டப் பேசச் சொல்லு'ன்னு. ஆண்டிபட்டியில போன் கடைப் பையன்கிட்டக் குடுத்து, கால் வராம அவுங்க நம்பரை அடைச்சு வச்சுட்டேன். உடனே ஆஸ்பத்திரி நம்பர்ல இருந்து வருது. அதையும் அடைச்சேன். நேத்து ஒரு நர்ஸு அது சொந்தப் போன்ல இருந்து கூப்பிட்டு, 'டாக்டர் கேக்கச் சொன்னாங்க, உங்க பொண்ணுக்குப் பிரசவம் ஆயிருச்சா'ங்குது. இதுக்கு மேல பொறுக்கணுமா? அதான் கிளம்பிட்டேன். நேர்ல போயி மேசையைத் தட்டிச் சொல்லப்போறேன்: 'உங்க கிட்னி வேலையை ஆஸ்பத்திரிக்குள்ள வச்சுக்குங்க, என் வீட்டுக்குள்ள வராதீங்க. என் ரத்தம் நல்ல ரத்தம். பெத்தவளும் புள்ளையும் நல்லா இருக்காங்க'ன்னு.

பாருங்க, மறுபடியும். இவளுக்கு வேற வேலை இல்ல.

என்னா ஒச்சம்மா? ... அழுகாமச் சொல்லு... காலா? ரெண்டு காலுமா? ... மூஞ்சியுமா... ராத்திரியில இருந்து ஒண்ணுக்குப் போகலையா? தண்ணி குடிச்சிருக்க மாட்டா... ஏய், இதுக்குப் போயி யாராவது ஆஸ்பத்திரிக்கு ஓடுவாங்களா? சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன நெனப்பாங்க? புள்ள பெத்த உடம்பு, வீக்கம் இருக்கத்தான் செய்யும், நாலு நாள்ல வடிஞ்சிரும். நான் சாயங்காலம் வந்துருவேன். வையி.

வச்சுட்டா. அவளுக்கு எல்லாத்துக்கும் நான் வேணும்.

என்ன தம்பி, அப்படிப் பாக்குறீங்க? லட்டைக் கையிலயே வச்சுக்கிட்டு இருக்கீங்க, சாப்பிடுங்க. என்ன சொன்னேனா? வீட்டுல சொன்னதா? பொம்பளைங்க பயந்தா ஆம்பளை சொல்றதைத்தான் சொன்னேன். இதுல என்ன இருக்கு, இன்னொரு தடவை வேணும்னாலும் சொல்றேன். புள்ள பெத்த உடம்பு, வீக்கம் இருக்கத்தான் செய்யும், நாலு நாள்ல...

நாலு நாள்ல...

தம்பி.

வெளிய எந்த ஊரு தம்பி இது? செக்கானூரணியா?

இந்தப் போனைப் பிடிங்க. எனக்கு எழுத்துத் தெரிய மாட்டேங்குது. அதுக்குள்ள எஸ்தர் டாக்டர்னு ஒரு நம்பர் இருக்கும், அடைச்சு வச்சிருக்கு. அதைத் திறந்து விடத் தெரியுமா உங்களுக்கு? திறந்து விடுங்க தம்பி. வெரசாத் திறந்து விடுங்க.